பிளாக் ஃபிளாக்: பாடகர்களைப் பற்றியே பேசுகிறோம், டுகவ்ஸ்கியை ஏன் மறக்கிறோம்?

தாழ்சுருதி:

பங்க் ராக் பேச்சில் பிளாக் ஃபிளாக் என்ற அமெரிக்கக் குழு வந்தாலே ஒரே கேள்விதான் ஓடுகிறது. கீத் மோரிஸா, ரான் ரெயெஸா, டெஸ் கடேனாவா, ஹென்றி ராலின்ஸா, யார் சிறந்த பாடகர்? 1976-ல் தொடங்கிய குழுவில் 1981-க்குள் நான்கு பாடகர்கள் வந்துவிட்டதால் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் என் கட்சி வேறு. அந்தக் குழு உண்மையில் இரண்டாகப் பிளந்தது 1983-ல், கீழ்ச் சுரங்களைத் தரும் பேஸ் கிதாரை வாசித்த சக் டுகவ்ஸ்கி வெளியேறியபோதுதான். அதற்கு முன் எத்தனை பேர் மாறினாலும் ஒரே குழுவாகத்தான் ஒலித்தது. அதற்குப் பின் பெயர் மட்டும் அதே பெயர்.

முதலில் தொடக்கக் கதை. கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே ஹெர்மோசா பீச் என்ற சிறிய கடற்கரை ஊர். அங்கே இருந்த கிரெக் கின், யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். பள்ளிக்கூட வயதிலேயே அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு மின்னணுக் கருவிகளைத் தபாலில் விற்கும் தொழிலை ஆரம்பித்தவர். அந்தத் தொழிலின் பெயர்தான் எஸ்.எஸ்.டி. பிற்பாடு அவர் நடத்திய இசைத்தட்டு நிறுவனத்துக்கும் அதுவே பெயரானது. கீத் மோரிஸ் உள்ளூர் நண்பர். அவருக்கு டிரம்ஸ் வாசிக்கத்தான் ஆசை. கின்தான் பேசிப் பேசி அவரைப் பாட வைத்தார். குழுவின் முதல் பெயர் 'பேனிக்'.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். பேனிக்குக்கு நிலையான பேஸ்காரர் கிடைக்கவே இல்லை. கின்னின் தம்பி ரேமண்ட் கொஞ்ச நாள் வாசித்தார். பல ஒத்திகைகள் பேஸ் இல்லாமலேயே நடந்தன. அடிச்சத்தம் இல்லாத அந்த வெற்றிடத்தை நிரப்ப கின் தன் கிதாரையே கீழ்ச் சுரங்களில் கனமாக வாசிக்கப் பழகினார். பிளாக் ஃபிளாக் கிதாரின் அந்தக் கரகரப்பான கனம் பேஸ் இல்லாத குறையில் பிறந்தது. பிறகு வூர்ம் என்ற குழுவில் வாசித்துக்கொண்டிருந்த டுகவ்ஸ்கி வந்து சேர்ந்தார். ஏற்கெனவே கனமாக இருந்த கிதாரோடு அவர் பேஸ் மோதியது. அந்த மோதல்தான் 1978 முதல் 1983 வரைக்குமான ஒலி. நடுவில் பாடகர் யாராக இருந்தாலும் அடியில் இது மாறவில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஆனால் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ரிவைண்ட்:

நண்பரே, அருமையான தொடக்கம். ஆனால் முதல் இசைத்தட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் தாண்டிவிட்டீர்கள். 'நெர்வஸ் பிரேக்டவுன்' இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை.

1978 ஜனவரியில், பேனிக் என்ற பெயர் இருந்தபோதே, ஹெர்மோசா பீச்சில் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் பிரையன் மிக்டால். நான்கு பாட்டு, மொத்தம் 5 நிமிடத்துக்குச் சற்றே அதிகம். பாம்ப் என்ற நிறுவனம் வெளியிடுவதாகப் பேச்சு. அது தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் பேனிக் என்ற பெயரில் வேறொரு குழு இருப்பது தெரியவர, பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. பிளாக் ஃபிளாக் என்ற பெயரைச் சொன்னதும், நான்கு கருப்புப் பட்டைகள் கொண்ட சின்னத்தை வரைந்ததும் தம்பி ரேமண்ட்தான். அவரை இன்று உலகம் ரேமண்ட் பெட்டிபோன் என்ற ஓவியராக அறியும். காத்திருந்து சலித்த கின், தானே எஸ்.எஸ்.டி. ரெக்கார்ட்ஸ் தொடங்கி 1979 தொடக்கத்தில் தட்டை வெளியிட்டார். அட்டையில் பெட்டிபோனின் படம்: முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்கும் மாணவன், நாற்காலியைத் தூக்கித் தற்காத்துக்கொள்ளும் ஆசிரியர்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்னைப் பிடித்து இழுப்பது மோரிஸின் குரல். பேஸ் அல்ல. பதற்றமும் கிண்டலும் கலந்த, மூச்சுத் திணறும் குரல். அதே பாட்டை ராலின்ஸ் பாடும்போது கோபம் இருக்கிறது, அந்தப் பதற்றம் இல்லை. அப்படியானால் பாடகர் மாறினால் குழுவும் மாறுகிறது என்றுதானே அர்த்தம்?

தாழ்சுருதி:

மோரிஸின் குரல் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர் போனதும் குழு திசை மாறியதா என்று பாருங்கள். 1979-ல் மோரிஸ் விலகினார். கின்னோடு ஒத்துப்போகவில்லை, குடியும் போதையும் வேறு. அப்புறம் ரெட் கிராஸ் என்ற பங்க் குழுவிலிருந்த கிரெக் ஹெட்சனோடு சேர்ந்து சர்க்கிள் ஜெர்க்ஸ் தொடங்கினார். போகும்போது சில பாட்டுகளும் கூடவே போயின. அதில் பிளாக் ஃபிளாக் ஆட்களுக்குக் கடும் கோபம். 1980-ல் வந்த 'ஜெலஸ் அகெய்ன்' தட்டில் மோரிஸைத் தாக்கி ஒரு பாட்டு இருக்கிறது. அதைப் பாடியவர் அப்போதைய பாடகர் ரெயெஸ் அல்ல, டுகவ்ஸ்கி. குழுவுக்கு ஒரு மனக்குறை என்றால் மைக்கைப் பிடித்துச் சொன்னவர் அவர். பேட்டி கொடுத்தது, ஊர் ஊராகத் தொலைபேசியில் பேசி நிகழ்ச்சி பிடித்தது, வேனில் அமெரிக்கா முழுக்கக் குழுவைக் கூட்டிச் சென்றது எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. 'கொள்கை' என்று ஏதாவது அந்தக் குழுவுக்கு இருந்தால் அது பெரும்பாலும் அவர் வாயிலிருந்து வந்தது.

மொட்டைமாடி ரேடியோ:

மோரிஸ் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 1979 ஜூலையில் மன்ஹாட்டன் பீச்சில் பாலிவாக் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி. நகராட்சியிடம் தாங்கள் சாதாரண ராக் குழு என்று சொல்லித்தான் இடம் வாங்கினார்கள். குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளோடு, சாப்பாட்டுக் கூடையோடு மக்கள் புல்தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மோரிஸ் வாயைத் திறந்ததும் தர்பூசணியும் வாழைப்பழமும் சாண்ட்விச்சும் மேடைக்குப் பறந்து வந்தன. குழு வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கியது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹாலிவுட் பங்க் கிளப்புகளில் அப்போது இவர்களுக்குப் பெரிய மரியாதை இல்லை. கடற்கரைப் புறநகர்ப் பையன்கள், நீள முடி, ஃபேஷன் இல்லை என்று ஒதுக்கினார்கள். அதனால்தான் பூங்கா, சமூகக் கூடம், வாடகை மண்டபம் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் வாசித்தார்கள். பிற்காலத்தில் அமெரிக்கா முழுக்கச் சுற்றிய பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

அடிதாளம்:

நான் டிரம்ஸ் வாசிப்பவன். அதனால் இரண்டு பேரோடும் சண்டைக்கு வருகிறேன். பாடகர், பேஸ் என்று பேசுகிறீர்கள், ரோபோவை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மிக்டால் போன பின் வந்தவர் கொலம்பியாவைச் சேர்ந்த ரோபோ. இயற்பெயர் ராபர்ட்டோ வால்வெர்டே. மோரிஸின் கடைசிக் காலம், ரெயெஸ், கடேனா, ராலின்ஸ் என்று நான்கு பாடகர்களுக்கும் பின்னால் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். அலங்காரம் கிடையாது. நேரான, இறுக்கமான அடி. கையில் வளையங்கள் போட்டுக்கொண்டு வாசிப்பார். 'டேமேஜ்டு' ஆல்பத்தை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், அடிகளுக்கு நடுவில் அந்த வளையச் சத்தம் கிணுகிணுப்பது கேட்கும்.

1981 டிசம்பரில் இங்கிலாந்து சுற்றுப்பயணம். முடிந்து திரும்பும்போது விசா சிக்கலில் அவரால் அமெரிக்காவுக்குள் வர முடியவில்லை. டிசெண்டன்ட்ஸ் குழுவின் பில் ஸ்டீவன்சன் அவசரத்துக்கு வந்து உட்கார்ந்தார். அப்புறம் எமில் ஜான்சன் என்ற இளைஞர். அப்புறம் கனடாவின் டி.ஓ.ஏ. குழுவிலிருந்து சக் பிஸ்கிட்ஸ். 1982 முடிவதற்குள் அவரும் போய்விட, மறுபடி ஸ்டீவன்சன், இந்த முறை நிரந்தரமாக. சுமார் ஒரு வருடத்தில் டிரம்ஸ் இருக்கை இத்தனை முறை கை மாறியிருக்கிறது. ரோபோ இருந்தவரைக்கும் ஒரு குழு, ரோபோவுக்குப் பின் வேறு குழு. என் கணக்கில் பிளவு 1981 டிசம்பர்.

செம்பருத்தி:

அடிதாளம் தம்பி, ரோபோவைப் பற்றி எழுதியது மனசுக்கு நிறைவு. நான் ரெயெஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நால்வரில் அவரைத்தான் எல்லோரும் ஒரு வரியில் கடந்து போகிறார்கள்.

ரான் ரெயெஸ் பிறந்தது போர்ட்டோ ரிக்கோ. ரெட் கிராஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். ஹெர்மோசா பீச்சில் கைவிடப்பட்ட ஒரு பழைய தேவாலயக் கட்டிடம் இருந்தது. கலைஞர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கும் இடமாக மாறியிருந்தது. குழுவின் ஒத்திகை அங்கேதான். ரெயெஸ் அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு அலமாரி அளவு இடத்தில் வாழ்ந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் பங்க் குழுக்களை வைத்து பெனலபி ஸ்பீரிஸ் எடுத்த ஆவணப்படத்தில் பிளாக் ஃபிளாக்காகத் தெரிவது ரெயெஸ் இருந்த அணிதான். அந்த இடத்தைச் சுற்றிக்காட்டுவதும் அதில் இருக்கிறது. அதைப் பார்த்தால் தெரியும், இவர்களுக்குப் பங்க் என்பது மாலை நேரத்து வேஷம் அல்ல. அங்கேயே தூங்கி, அங்கேயே வாசித்து, அங்கேயே தபால் ஒட்டினார்கள்.

அப்போது கூட்டத்தின் தன்மை மாறிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அடிதடி வழக்கமாகிவிட்டது. 1980-ல் ரெடாண்டோ பீச்சில் ஃப்ளீட்வுட் என்ற அரங்கில் பாடிக்கொண்டிருந்த ரெயெஸ், அந்த வன்முறையைப் பொறுக்க முடியாமல் நடுநிகழ்ச்சியில் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். மற்ற மூவரும் நிறுத்தவில்லை. மீதி நேரம் 'லூயி லூயி' என்ற பழைய ராக் பாட்டை வாசித்து, கூட்டத்தில் இருந்தவர்களையே மைக்கில் பாட வைத்தார்கள். ஆனாலும் 'ஜெலஸ் அகெய்ன்' பதிவில் பாட ரெயெஸ் திரும்பி வந்தார். குழு அவர் பெயரை அட்டையில் ஓர் அவமானப் பட்டப்பெயராகத்தான் போட்டது. எனக்கு அது இன்றும் கசப்பான விஷயம். அடிதடி பிடிக்கவில்லை என்று ஒருவர் விலகுவது எந்த வகையில் துரோகம்?

இன்னொன்று. அந்தத் தட்டில் இருக்கும் 'ஒயிட் மைனாரிட்டி' பாட்டை வெள்ளை இனவாதப் பாட்டு என்று இணையத்தில் எழுதுபவர்கள் இன்றும் உண்டு. இனவாதியின் பயத்தை அவன் வாயாலேயே பேசவிட்டு அம்பலப்படுத்தும் பாட்டு அது. தட்டில் பாடியவர் போர்ட்டோ ரிக்கோக்காரர், டிரம்ஸ் வாசித்தவர் கொலம்பியாக்காரர். யார் பாடுகிறார்கள் என்பதே அதற்குப் பாதிப் பதில்.

புதுக்காது:

எல்லோருக்கும் வணக்கம். ராலின்ஸ் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன், அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்ததே இங்கே படித்துத்தான் தெரிகிறது. கடேனாவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே? நால்வரையும் ஒப்பிட்டுக் கேட்க எங்கிருந்து தொடங்குவது?

ரிவைண்ட்:

புதுக்காது, வாங்க. டெஸ் கடேனாவின் அப்பா ஆஸி கடேனா, ஜாஸ் உலகில் சவாய் ரெக்கார்ட்ஸ் தயாரிப்பாளராக இருந்தவர். பையன் குழுவின் நண்பர், 1980 கோடையில் பாட வந்தார். முதல் பெரிய அமெரிக்கச் சுற்றுப்பயணங்கள் அவர் குரலோடுதான். 1981-ல் வந்த 'லூயி லூயி' தட்டும் 'சிக்ஸ் பேக்' தட்டும் அவர் பாடியவை. கத்திக் கத்தித் தொண்டை தாங்கவில்லை. கிதார் வாசிக்கும் ஆசையும் இருந்தது. அதனால் பாடுவதை விட்டுவிட்டு இரண்டாவது கிதாருக்கு மாறினார். குழுவை விட்டுப் போகாமல் இடம் மட்டும் மாறிய ஒரே பாடகர் அவர்.

அந்த இடத்துக்கு வந்தவர்தான் ராலின்ஸ். இயற்பெயர் ஹென்றி கார்ஃபீல்ட், ஊர் வாஷிங்டன், வயது 20. எஸ்.ஓ.ஏ. என்ற குழுவில் பாடிக்கொண்டு, பகலில் ஹாகன் டாஸ் ஐஸ்கிரீம் கடை ஒன்றின் மேலாளராக வேலை. 1981-ல் பிளாக் ஃபிளாக் நியூயார்க்கில் வாசிப்பதைப் பார்க்க வண்டி ஓட்டிக்கொண்டு போனார். காலையில் கடையைத் திறக்க ஊர் திரும்ப வேண்டும். 'க்ளாக்ட் இன்' பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மேடை ஏறித் தானே பாடினார். சில நாளில் பாடகர் தேர்வுக்குக் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. பால்ய நண்பர் இயன் மெக்காயும் போகச் சொன்னார். அப்படியே லாஸ் ஏஞ்சல்ஸ்.

கடேனா இல்லாமல் ராலின்ஸ் இல்லை என்பது என் கருத்து. தொடக்கத்தில் ராலின்ஸ் பாடும் தோரணை கடேனாவை அப்படியே பின்பற்றுகிறது.

மொட்டைமாடி ரேடியோ:

புதுக்காதுக்கு என் பரிந்துரை: 'எவ்ரிதிங் வென்ட் பிளாக்' இரட்டை ஆல்பம். 1982-ல் வந்தது. ராலின்ஸுக்கு முந்தைய மூவரும் பாடிய பதிவுகளின் தொகுப்பு. மோரிஸ் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஜானி பாப் கோல்ட்ஸ்டீன் என்ற புனைபெயரில் இருப்பார்.

'டிப்ரெஷன்', 'போலீஸ் ஸ்டோரி', 'கிம்மி கிம்மி கிம்மி' ஆகிய மூன்று பாட்டுகளும் அதில் மூன்று குரலிலும் இருக்கின்றன. அதே மூன்றும் 'டேமேஜ்டு' ஆல்பத்தில் ராலின்ஸ் குரலில் இருக்கின்றன. ஆக ஒரே பாட்டை நால்வரும் பாடுவதை வரிசையாகக் கேட்கலாம். இப்படி ஒரு வசதி வேறு எந்தப் பங்க் குழுவிலும் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருந்தவர் ஸ்பாட். ஒலிப்பதிவாளராக அவர் செய்த வேலைக்கு ஒரு தனி இழையே போடலாம். 2023-ல் காலமானார்.

அடிதாளம்:

அந்த ஆல்பத்தின் முன்னட்டையில் குழுவின் பெயரே இருக்காது, கவனித்தீர்களா? வாசித்தவர்களின் பெயர்கள் மட்டும்தான். அது ஏன் என்று தெரிந்தால்தான் 1982, 83 புரியும். தாழ்சுருதி அண்ணா, நீங்களே எழுதுங்களேன், உங்கள் டுகவ்ஸ்கி கதையும் அங்கேதான் வருகிறது.

தாழ்சுருதி:

எழுதுகிறேன். இதுதான் எனக்கு முக்கியமான பகுதி.

1981-ல் 'டேமேஜ்டு' பதிவான அணி: ராலின்ஸ், கின், கடேனா, டுகவ்ஸ்கி, ரோபோ. ஐந்து பேர், இரண்டு கிதார். யூனிகார்ன் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம். யூனிகார்னின் தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பது பெரிய நிறுவனமான எம்.சி.ஏ. தட்டு தயாரான பிறகு எம்.சி.ஏ.வின் அதிகாரி கேட்டுவிட்டு, இது பெற்றோருக்கு எதிரான இசைத்தட்டு என்று சொல்லி வெளியிட மறுத்தார். குழு என்ன செய்தது? அவர் சொன்ன வாசகத்தையே ஒட்டுத்தாளாக அச்சடித்து, அட்டையில் எம்.சி.ஏ. சின்னத்தின் மேலேயே ஒட்டி விற்றது.

அப்புறம் யூனிகார்னோடு வழக்கு. பிளாக் ஃபிளாக் என்ற பெயரில் எதையும் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றத் தடை. அதனால்தான் தொகுப்பில் குழுவின் பெயரை விட்டுவிட்டார்கள். ஆனாலும் தடையை மீறியதாகத் தீர்ப்பாகி, 1983-ல் கின்னும் டுகவ்ஸ்கியும் 5 நாள் சிறையில் இருந்தார்கள். எஸ்.எஸ்.டி.யின் பொறுப்பாளர்கள் அவர்கள் இருவரும்தானே. சிறைக்குப் போனவர்களில் ஒருவர் அதே ஆண்டு குழுவில் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஏன் போனார்? தடையால் தட்டு போட முடியாத காலத்தில் கின் ஒத்திகையை மேலும் மேலும் கடுமையாக்கினார். பாட்டின் வேகத்தைக் குறைத்தார். தாளத்தில் ஒரு தளர்வு, ஓர் ஊசல் தேடினார். டுகவ்ஸ்கியின் வாசிப்பு அப்படிப்பட்டது அல்ல. அவர் தந்தியைத் தாக்குபவர். இருவரும் ஒத்துவரவில்லை. 1983-ல் அவர் விலக நேர்ந்தது. எஸ்.எஸ்.டி.யில் பங்குதாரராகவும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளராகவும் தொடர்ந்தார். கடேனாவும் அதே ஆண்டு டி.சி.3 என்ற சொந்தக் குழுவைத் தொடங்கப் போய்விட்டார்.

யூனிகார்ன் திவாலாகித் தடை நீங்கியதும் 1984-ல் வந்த ஆல்பம் 'மை வார்'. பேஸ் வாசித்தவர் டேல் நிக்சன் என்று அட்டையில் இருக்கும். அப்படி ஒருவர் கிடையாது. கின்னே பேஸையும் வாசித்துவிட்டுப் போட்ட புனைபெயர் அது. 1976-ல் பேஸ் ஆள் இல்லாமல் கிதாரிலேயே சமாளித்த அதே மனிதர், எட்டு வருடம் கழித்து அதையே மறுபடி செய்கிறார். முதல் முறை ஆள் கிடைக்காததால். இரண்டாம் முறை, இருந்த ஆள் ஒத்துவராததால். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை எழுதியவர் யார்? டுகவ்ஸ்கி. ஆல்பத்தின் பெயரே அவர் பாட்டின் பெயர், ஆனால் அதில் அவர் வாசிப்பு இல்லை.

இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் 6 நிமிடத்துக்கு மேல், தரையில் எருமை வண்டி நகர்வதுபோல் மெதுவாக. நான்கு பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்த குழுவா இது? பாடகர் மாறியபோதெல்லாம் நடக்காதது பேஸ்காரர் போனதும் நடந்தது. இதுதான் என் வாதம்.

ரிவைண்ட்:

உங்கள் வாதத்திலேயே ஓட்டை இருக்கிறது, அண்ணா. வேகம் குறையத் தொடங்கியது டுகவ்ஸ்கி இருக்கும்போதே. 'டேமேஜ்டு' ஆல்பத்தின் கடைசிப் பாட்டை எடுங்கள். மெதுவானது, இழுபறியானது, ராலின்ஸ் புலம்பிக்கொண்டே போவார். கடேனா பாடிய வடிவம்கூட 'எவ்ரிதிங் வென்ட் பிளாக்' தொகுப்பில் இருக்கிறது. 1982-ல் பிஸ்கிட்ஸ் டிரம்ஸ் வாசித்த ஒத்திகைப் பதிவுகளிலும் 'மை வார்' காலத்துப் பாட்டுகள் இருக்கின்றன, பேஸ் டுகவ்ஸ்கிதான். ஆக கின் எங்கே போகிறார் என்பது முன்பே முடிவாகிவிட்டது. டுகவ்ஸ்கி விலகியது அதன் விளைவு, காரணம் அல்ல.

ஆறு நிமிடப் பாட்டைச் சுமந்து நிற்க ஒரு குரல் வேண்டும். மோரிஸ் அந்த இரண்டாம் பக்கத்தைப் பாடுவதை நினைத்துப் பாருங்கள். நடக்காது. ராலின்ஸ் வந்ததால்தான் கின்னுக்கு அந்தத் துணிவு வந்தது.

செம்பருத்தி:

இரண்டு பேரும் டுகவ்ஸ்கிக்குப் பின் குழுவே இல்லாததுபோல் எழுதுகிறீர்கள். கிரா ரோஸ்லர் எங்கே?

1983 கடைசியில் பேஸுக்கு வந்தவர் கிரா. அண்ணன் பால் ரோஸ்லர் ஸ்க்ரீமர்ஸ் குழுவின் கீபோர்டுக் கலைஞர். கிரா அப்போது யு.சி.எல்.ஏ.வில் பொறியியல் மாணவி. படிப்பையும் விடாமல், இந்தக் குழுவின் ஒத்திகையையும் சுற்றுப்பயணத்தையும் தாங்கினார். ஹார்ட்கோர் என்ற இந்த ஆவேசமான பங்க் வகையின் மேடைகளில் பெண்கள் அரிதிலும் அரிதாக இருந்த காலம் அது. அவர் வாசிப்பில் விரலின் துல்லியம் இருக்கும், கின்னின் கிதார் எங்கே தாவினாலும் பின்னாலேயே போய்ப் பிடிக்கும். 1984-ல் மட்டும் நான்கு ஆல்பம் வந்தது, அதில் 'மை வார்' தவிர மற்ற மூன்றிலும் கிராதான். 'லைவ் 84' கேளுங்கள், ஸ்டீவன்சனும் அவரும் சேர்ந்து அந்தக் குழுவை எவ்வளவு இறுக்கமாக வைத்திருந்தார்கள் என்று தெரியும்.

தாழ்சுருதி, டுகவ்ஸ்கி மீது உங்களுக்கு இருக்கும் அன்பு புரிகிறது. ஆனால் 'பெயர் மட்டும் அதே பெயர்' என்று நீங்கள் எழுதியது கிராவுக்கு அநியாயம்.

தாழ்சுருதி:

செம்பருத்தி அக்கா, கிரா டுகவ்ஸ்கியைவிடத் திறமையான பேஸ் கலைஞர் என்பதை நானே சொல்வேன். என் பேச்சு திறமை பற்றியது அல்ல. டுகவ்ஸ்கி இருந்தவரைக்கும் கின்னுக்கு 'முடியாது' என்று சொல்லும் இடத்தில் ஒருவர் இருந்தார். பாட்டு எழுதுபவர், நிறுவனத்தில் பங்காளி, சிறைக்கும் கூட வந்தவர். கிராவுக்கோ ஸ்டீவன்சனுக்கோ அந்த இடம் தரப்படவில்லை. 1985 முடிவதற்குள் இருவருமே குழுவில் இல்லை. ஆந்தனி மார்ட்டினெஸ், செல் ரெவுவெல்டா என்று வேறு ஆட்கள் வந்தார்கள். 1986 கோடையில் கடைசி நிகழ்ச்சி, அதோடு முடிந்தது. இருவர் தலைமையில் நடந்த குழு ஒருவர் கைக்குப் போனது என்பதைத்தான் பிளவு என்கிறேன்.

ரிவைண்ட் சொன்ன 1982 பதிவுகள் எனக்கும் மிகப் பிடித்தவை. காரணமா விளைவா என்ற கேள்விக்கு அவற்றை வைத்துப் பதில் சொல்வது கடினம்தான். ஆனால் அவற்றில் டுகவ்ஸ்கி மெதுவான பாட்டையும் அடித்துத்தான் வாசிக்கிறார். 'மை வார்' ஆல்பத்தில் கின் வாசிக்கும் பேஸ் கிதாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதே பாட்டு, வேறு எடை.

மொட்டைமாடி ரேடியோ:

2013 இந்த விவாதத்தை நேரடியாக மேடைக்கே கொண்டுவந்தது. ஒரு பக்கம் கின், ரான் ரெயெஸோடு பிளாக் ஃபிளாக் என்ற பெயரில். மறுபக்கம் மோரிஸ், டுகவ்ஸ்கி, ஸ்டீவன்சன், கடேனா, டிசெண்டன்ட்ஸின் ஸ்டீஃபன் எகர்ட்டன் சேர்ந்து 'ஃபிளாக்' என்ற பெயரில். கின் வழக்குப் போட்டார், ஃபிளாக் வாசிப்பதைத் தடுக்க நீதிமன்றம் மறுத்தது, பிறகு சமரசம். பெயர் ஒரு பக்கம், பழைய அணியில் பெரும்பாலோர் மறுபக்கம்.

அந்த ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ரெயெஸ் மேடையிலிருந்து நீக்கப்பட்டார். மீதிப் பாட்டுகளைப் பாடியவர் ஸ்கேட்போர்டு வீரர் மைக் வல்லேலி. 1980-ல் தானாக நடுவில் இறங்கிப் போனவரை 33 வருடம் கழித்து நடுவில் இறக்கிவிட்டார்கள்.

செம்பருத்தி:

முதல் தடவை அவமானப் பெயர், இரண்டாம் தடவை இது. அவருக்கு யாராவது ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறார்கள்.

புதுக்காது:

சொன்ன மாதிரியே 'டிப்ரெஷன்' பாட்டை நான்கு குரலிலும் அடுத்தடுத்துக் கேட்டேன். மோரிஸ் பாடும்போது இவர் அழுதுவிடுவாரோ என்று இருக்கிறது. ரெயெஸ் குரல் இளசு, ஓடிக்கொண்டே பாடுகிறவர் மாதிரி. கடேனாவுக்குத் தொண்டை கிழிகிறது, நடுவில் நிறுத்திவிடுவாரோ என்று பயம். ராலின்ஸ் என்னை நோக்கியே வருகிறார். எனக்கு ரெயெஸ்தான் பிடித்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பேஸைப் பிரித்துக் கேட்க இன்னும் பழகவில்லை. ஆனால் நான்கிலும் அடியில் ஏதோ ஒன்று ஒரே மாதிரி உறுமுகிறது. தாழ்சுருதி சொல்வது அதுதானா?

தாழ்சுருதி:

அதேதான். இடது காதில் கொஞ்சம் கவனம் வையுங்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சத்தத்தைக் கூட்டுங்கள், போதும். அடுத்து 'அமெரிக்கன் வேஸ்ட்' கேளுங்கள். டுகவ்ஸ்கி எழுதியது, கடேனா பாடியது, 'சிக்ஸ் பேக்' தட்டில் இருக்கிறது.

ரிவைண்ட்:

நான் இன்னும் உங்கள் பக்கம் வரவில்லை, அண்ணா. ஆனால் ஒரு விஷயத்தில் கூட நிற்கிறேன். 1982 பதிவுகள் இத்தனை வருடமும் கள்ளத் தட்டாகவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. நல்ல ஒலியில், முறையாக, வாசித்த ஐந்து பேரின் பெயரோடு அது வெளிவர வேண்டும். அன்றைக்கு இந்த இழையை மறுபடி திறப்போம்.

அடிதாளம்:

பிஸ்கிட்ஸ் டிரம்ஸுக்காகவாவது வரட்டும். ரோபோ பற்றித் தனி இழை போடுகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.